கடத்தல் என்ற ஒரு சொல் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் பத்திரிகையின் ஒரே பக்கத்தில் மூன்று செய்திகள் படித்தேன். உழவு இயந்திரத்தில் ஆற்று மணல் கடத்தல். படகில் கேரளக் கஞ்சா கடத்தல். வீட்டுவேலை என்று சொல்லி வளைகுடாவுக்கு அனுப்பப்பட்டுச் சம்பளமில்லாமல் அடைபட்டுக் கிடந்த பெண்களைப் பற்றிய மூன்றாவது செய்திக்கும் 'பெண்கள் கடத்தல்' என்றே தலைப்புப் போட்டிருந்தீர்கள். முதல் இரண்டிலும் எனக்குப் பிரச்சினை இல்லை. மூன்றாவதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஆங்கிலத்தில் களவாக எல்லை தாண்டவைக்கும் 'ஸ்மக்லிங்' வேறு, சுரண்டுவதற்காக ஆள் சேர்க்கும் 'ட்ரபிக்கிங்' வேறு, ஆளைத் தூக்கிக்கொண்டு போவதற்குச் சொல் வேறு. நாங்கள் மூன்றையும் கடத்தல் என்ற ஒரே சாக்குக்குள் போட்டுக் கட்டிவிடுகிறோம். அதனால் என்ன நடக்கிறது என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி. 2009இல் கணவனை இழந்தவள், இரண்டு பிள்ளைகள். நுண்கடன் எடுத்து, அதை அடைக்க இன்னொரு நுண்கடன் எடுத்து, வாராவாரம் கடன்காரர் படலையில் வந்து நிற்கும் நிலை. அப்போதுதான் ஒரு தரகர் வந்தார். போவதற்கு முன்னமே கையில் காசு கொடுத்தார். அந்தக் காசில் கடனை அடைத்தாள், பிள்ளைகளைத் தாயிடம் விட்டாள், விசிட் விசாவில் போனாள். அங்கே இறங்கியதும் கடவுச்சீட்டையும் போனையும் வாங்கிவிட்டார்கள். வீடு வீடாக மாற்றினார்கள். திரும்பிப் போகவேண்டும் என்று அழுதபோது, உனக்காகக் கொடுத்த காசைத் திருப்பிக் கட்டிவிட்டுப் போ என்றார்கள். ஏழு மாதம் கழித்து வெறுங்கையோடு வந்தாள்.

முறைப்பாடு செய்ய நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். 'ஆட்கடத்தல்' என்று நான் சொன்னதும் அங்கிருந்தவர் கேட்ட கேள்விகள் இவை: "எப்ப கடத்தினவை? எந்த இடத்தில வச்சு ஏத்தினவை? வாகன நம்பர் பாத்தனீங்களோ?" அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "என்னை ஒருத்தரும் கடத்தேல்லை சேர். நான் விரும்பித்தான் போனனான்." அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். காசுக் கொடுக்கல் வாங்கல் பிரச்சினை என்று முறைப்பாடு பதிவானது. அவ்வளவுதான்.

அவள் பொய் சொல்லவில்லை. வன்னியில் கடத்தல் என்றால் எங்கள் மனதில் வருவது வெள்ளை வான். இரவில் வந்து தூக்கிக்கொண்டு போவது. தானே பேருந்தேறிக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போனவள் எப்படித் தன்னைக் கடத்தினார்கள் என்று சொல்லுவாள்? இப்போது ஊரிலும் அதே பேச்சு: "தானாப் போனவள்தானே."

ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஐக்கிய நாடுகள் சபை 2000ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட நெறிமுறையின்படி, ஏமாற்றியோ பலவந்தப்படுத்தியோ ஒருவரின் இக்கட்டைப் பயன்படுத்தியோ, சுரண்டும் நோக்கத்தோடு ஆள் சேர்த்தால் அது ட்ரபிக்கிங். அப்படிச் சேர்க்கப்பட்டவர் முதலில் சம்மதித்திருந்தாலும் அந்தச் சம்மதம் கணக்கில் வராது. பிள்ளைகளென்றால் ஏமாற்றினார்கள் என்றுகூடக் காட்டத் தேவையில்லை. இலங்கை 2006இலேயே தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தி இதைக் குற்றமாக்கியது. 2 முதல் 20 வருடம் வரை சிறை. 2015இல் அந்த நெறிமுறையையும் ஏற்று உறுதிசெய்தது.

இன்னொரு முக்கியமான விஷயம், எல்லை கடக்கவேண்டும் என்பதே இல்லை. மலையகத்திலிருந்தோ எங்கள் பக்கத்திலிருந்தோ ஒரு சிறுமியைக் கொழும்பில் ஒரு வீட்டில் வைத்து அடிமைபோல வேலை வாங்கினாலும் அது இந்தக் குற்றம்தான். தமிழாசிரியையாக இருந்தவள் என்பதால் இதைச் சொல்கிறேன்: 'கட' என்ற வினையிலிருந்து வந்தது கடத்து. கடக்கச் செய்வது. மின்சாரத்தைக் கடத்துவதும், நாளைக் கடத்துவதும், மணலைக் கடத்துவதும் அந்த வேரில் பொருந்தும். 2022 நவம்பரில் கனடாவுக்கென்று கடலில் புறப்பட்டு, வியட்நாமுக்கு அருகே தத்தளித்து மீட்கப்பட்டார்களே 303 பேர், அப்படிக் காசு வாங்கி எல்லை தாண்டவைப்பதைக் கடத்தல் என்று எழுதுவதும் பொருந்தும். தொண்ணூறுகளில் போர்க்காலப் பொருளாதாரத் தடை இருந்தபோது வவுனியாவிலிருந்து பற்றரி ஒளித்துக் கொண்டுவந்தவர்களையும் கடத்தினவர்கள் என்றுதான் சொன்னோம், நன்றியோடு சொன்னோம். ஆனால் ஒரு வீட்டுக்குள் பூட்டி வைத்து உழைப்பை உறிஞ்சுவதில் கடப்பதற்கு என்ன இருக்கிறது?

சரி, வேறு என்ன சொல்? ட்ரபிக் என்பது பதினாறாம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது அதற்கு வெறும் வியாபாரம் என்றுதான் பொருள். வீதிப் போக்குவரத்து என்ற பொருள் பிறகு ஏறியது. (எங்கள் சங்கத்துக் கூட்டத்தில் ஒரு உத்தியோகத்தர் ட்ரபிக்கிங் என்று ஆங்கிலத்திலேயே சொல்லிக்கொண்டிருந்தபோது, வீதி விபத்தைப் பற்றிப் பேசுகிறார் என்றுதான் ஒரு அம்மா கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார்.) ஆகவே 'ஆள் வியாபாரம்' என்று எழுதுங்கள். 'மனித வியாபாரம்' என்று சிலர் எழுதுகிறார்கள், அதுவும் நல்லது. அந்தச் சொல்லைக் கேட்டால் யாரும் வாகன நம்பர் கேட்க மாட்டார்கள். யார் விற்றது, யார் வாங்கியது, எவ்வளவு கைமாறியது என்றுதான் கேட்பார்கள். கேட்கவேண்டிய கேள்வியும் அதுதான்.

பத்திரிகைகள் ஒரு சொல்லை மாற்ற முடியாது என்று நினைக்கவேண்டாம். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் போராட்டம் தொடங்கிய தாய்மார், தங்கள் பிள்ளைகள் காணாமல் போகவில்லை, காணாமல் ஆக்கப்பட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இன்று நீங்களும் அப்படித்தான் எழுதுகிறீர்கள். அந்தத் தாய்மாருக்காகவும் கேட்கிறேன், கடத்தல் என்ற சொல்லை எல்லாவற்றுக்கும் போட்டால் அவர்களுடைய பிள்ளைகளுக்கு நடந்ததன் கனமும் குறைந்துபோகும்.

அந்தப் பிள்ளையோடு மறுபடி முறைப்பாடு எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த முறை முதல் வரியிலேயே ஆள் வியாபாரம் என்று எழுதியிருக்கிறோம். அடுத்த முறை இப்படியொரு செய்தி வரும்போது உங்கள் தலைப்பிலும் அந்தச் சொல் இருந்தால், வெட்டியெடுத்து எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கட்டடத்தின் கதவில் ஒட்டிவைப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
ஒட்டுசுட்டான்.