சிறுநீர்க் கோளாறு பார்க்கும் யூரோ டாக்டரிடம் என்னை அனுப்பி வைத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியில் வந்த புற்றுக்குக் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்து முடிந்துவிட்டது. கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனையில், அந்தச் சுரப்பியில் கோளாறு இருந்தால் கூடுகிற பி.எஸ்.ஏ. அளவு 0.3-க்கு இறங்கியிருக்கிறது. வீடு வீடாக வந்து சொல்ல உடம்பில் இன்னும் தெம்பு வரவில்லை, அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி மெடிக்கல் கடைத் தம்பிக்கு. சிறுநீர் சிவப்பாகப் போனதைக் கேட்டதும் டிப்போ கூட்டாளிகள், “டிரைவர் உடம்பு, சூடுதான், இளநீர் குடியும்” என்றார்கள். எஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்து ரிட்டயர் ஆனவனுக்கு எது வந்தாலும் சூடுதான்! மறுநாள் தெளிவாகவே போனது, வலியும் இல்லை. ஆனால் அந்தத் தம்பி மாத்திரை தரவில்லை. “வலி இல்லாம ரத்தம் வந்தா கட்டாயம் பார்க்கணும் அண்ணாச்சி, ஒரு தடவை வந்தாலும் சரி” என்றார். நெஞ்சுக்குப் போடும், ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரையால் இருக்குமோ என்றேன். “இருந்தாலும் பார்க்கணும்.” வந்த வியாபாரத்தை விட்டுவிட்டு இப்படிச் சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்?

அப்புறம் யூரோ டாக்டர். உள்ளே கேமரா விட்டுப் பார்த்ததில் சிறுநீர்ப்பை சுத்தம், ஸ்கேனில் கிட்னியும் சுத்தம். விரலால் சோதித்தபோதுதான் புராஸ்டேட்டில் ஒரு பக்கம் கல் மாதிரி தட்டுப்பட்டது. பி.எஸ்.ஏ. 19. அது வீக்கத்திலும் கிருமித்தொற்றிலும்கூடக் கூடும் என்று பயமுறுத்தாமல் சொல்லி, எம்.ஆர்.ஐ. ஸ்கேன், துளி சதை எடுத்துப் பார்க்கும் பயாப்சி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். புற்றுதான், எலும்புக்குப் பரவவில்லை. ரத்தம் வந்தது அநேகமாக வயசுக்கு வீங்கிய சுரப்பியிலிருந்துதானாம். புற்று ஆரம்பத்தில் சத்தம் காட்டாமல்தான் கிடக்குமாம். ரத்தத்தைத் தேடிப் போன இடத்தில் அது மாட்டிக்கொண்டது.

காப்பீட்டு அட்டைக்கு அலைந்த மைத்துனருக்கு நன்றி. வருமானச் சான்று வாங்குவது பயாப்சியைவிட வலி என்று அவர் சொன்னதை நான் நம்புகிறேன்.

கதிர்வீச்சு அறைத் தம்பிகளை மறக்கவே முடியாது. சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால்தான் குடல் விலகி நிற்கும், கதிர் அதன்மேல் படாது. அதனால் போனதும் முதல் கேள்வி, “தண்ணி குடிச்சாச்சா?” மெஷின் கொஞ்சம் தாமதமானால் போதும், பெஞ்சில் கிழவர்கள் எல்லோரும் காலைப் பின்னிக்கொண்டு, பேச்சு மூச்சில்லாமல் உட்கார்ந்திருப்போம். வாயை மூடாத நானும்தான். அந்த நேரம் பார்த்து யாரையும் சிரிக்க வைக்கக் கூடாது என்று அந்தத் தம்பிகளுக்கே ஒரு சட்டம் உண்டு.

ஆண் ஹார்மோனைக் குறைத்தால் இந்தப் புற்று அடங்கும் என்று காட்டிய சார்லஸ் ஹக்கின்ஸுக்கு 1966-இல் நோபல் பரிசு கொடுத்தார்களாம், பேத்தி படித்துக் காட்டினாள். அவருக்கும் ஒரு கும்பிடு. ஆனால் அந்த ஹார்மோனைக் குறைக்க எனக்கும் ஊசி போட்டதிலிருந்து உட்கார்ந்த இடத்திலேயே உடம்பு தீயாக எரிகிறது, வேர்த்துக் கொட்டுகிறது. ராத்திரியெல்லாம் தூங்காமல் விசிறிவிட்ட வீட்டுக்காரிக்கு என்ன நன்றி சொல்ல? சொல்லத்தான் போனேன். “அம்பது வயசுல எனக்கு இப்படி எரிஞ்சப்போ ஃபேனை நிறுத்துன்னு கத்துனீங்களே, ஞாபகம் இருக்கா?” என்றாள்.