முதல் தலைமுறை மாணவர்களுக்குக் கல்லூரிதோறும் உதவி மையம் கோரும் மனு

அனுப்புநர்
பெற்றோர் ஆசிரியர் கழகத்தினர்,
அரசு கலை மற்றும் அறிவியல் கல்லூரி.

பெறுநர்
செயலாளர் அவர்கள்,
உயர்கல்வித் துறை, தலைமைச் செயலகம்,
சென்னை – 600 009.

பொருள்: அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளில் உதவி மையம் அமைத்தல், கௌரவ விரிவுரையாளர்களுக்கு மே மாத ஊதியம் வழங்குதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

வணக்கம். குடும்பத்தின் முதல் பட்டதாரி என்ற சான்றுடன் கலந்தாய்வு வழியே தொழிற்கல்விப் படிப்பில் சேர்பவர்களுக்கு 2010ஆம் ஆண்டு முதல் கல்விக் கட்டணச் சலுகை கிடைத்துவருகிறது. அரசுப் பள்ளிகளில் படித்து உயர்கல்விக்கு வருவோருக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் கீழ் மாதம் ரூ.1,000 வழங்கப்படுகிறது. இவற்றுக்கு நாங்கள் நன்றியுடையவர்கள்.

ஆனால், எங்களைப் போன்ற கல்லூரிகளில் பிள்ளைகளைத் தடுமாற வைப்பது பணம் மட்டுமன்று. முதல் பருவத்தில் ஒரு தாளில் அரியர் விழுந்ததும் படிப்பே முடிந்துவிட்டதென எண்ணி வேலைக்குப் போய்விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதே தாளை அடுத்த பருவத்தில் மீண்டும் எழுதலாம் என்பதையும், மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கக் கெடு உண்டு என்பதையும் அவர்களுக்குச் சொல்ல வீட்டில் யாரும் இல்லை. வங்கிக் கணக்கில் ஆதார் இணைக்கப்படாததால் உதவித்தொகை வராமல் நிற்கும்போது, கல்லூரி அலுவலகத்துக்கும் வங்கிக்கும் இ-சேவை மையத்துக்குமாக அலைந்து, அன்றைய கூலியை இழப்பவர் பெரும்பாலும் அந்த மாணவரின் தாயே. முதல் பட்டதாரிச் சான்று வீட்டில் பத்திரமாக இருந்தும் கல்லூரியில் அதைக் கேட்பார் இல்லை.

இன்று இச்சிக்கல்களைத் தீர்த்துவைப்பவர்கள் பெரும்பாலும் கௌரவ விரிவுரையாளர்களே. அவர்களில் பலர் தாங்களும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் என்பதால் மாணவர்கள் கூச்சமின்றி அவர்களை அணுகுகிறார்கள். வகுப்பு முடிந்த பின் மரத்தடியில் நின்று விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் இந்த நேரம் எந்தப் பணிக்கணக்கிலும் வருவதில்லை. ஆண்டுக்கு 11 மாதங்களுக்கு மட்டுமே தொகுப்பூதியம் பெறும் அவர்களுக்கு மே மாதம் வெறுங்கையோடுதான் கழிகிறது. பிள்ளைகளைத் தாங்குபவர்களையும் தாங்கினால்தான் இவ்வுதவி நிலைக்கும் என்பது எங்கள் கருத்து.

எனவே, சேர்க்கை விண்ணப்பத்திலேயே முதல் தலைமுறை மாணவர் என்ற விவரத்தைப் பதிவு செய்யவும், ஒவ்வொரு அரசுக் கல்லூரியிலும் ஓர் அறையை உதவி மையமாக ஒதுக்கவும், அங்கு அமரும் ஆசிரியர், அலுவலகப் பணியாளர் ஆகியோரின் நேரத்தைப் பணிநேரமாகக் கணக்கிடவும், கௌரவ விரிவுரையாளர்களுக்கு 12 மாதங்களும் ஊதியம் வழங்கவும் ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். மையத்துக்கான அறையைச் சீரமைத்து, மேசை நாற்காலிகள் வாங்கித் தரும் பொறுப்பை எங்கள் கழகம் ஏற்கும்.

இப்படிக்கு,
பெற்றோர் ஆசிரியர் கழகத்தினர்