ஸ்கூட்டர் வாங்கினதை சித்தி சொல்லித்தான் எனக்கு தெரியணுமா

பாப்பா,

போன் பண்ணா "மீட்டிங்ல இருக்கேன் மா, அப்புறம் பேசுறேன்"னு வச்சிடுற, அந்த அப்புறம் வர்றதே இல்ல, அதனால டைப் பண்றேன். அப்பா சாப்பிட்டு தூங்குறாங்க, எழுந்திரிக்கிறதுக்குள்ள அனுப்பிடணும். "புள்ளையப் போட்டு நோண்டாத"ன்னு ஏற்கனவே எனக்கு உத்தரவு. நான் நோண்டல, ஸ்கூட்டர் பத்தி மட்டும்தான் எழுதப்போறேன்.

சித்தி மக கிரகப்பிரவேசத்துக்கு நீ ஸ்கூட்டர்ல வந்து இறங்குன போட்டோவை சித்தி குரூப்புல போட்டிருந்தா. நல்லா இருந்த, அந்த பச்சை புடவை உனக்கு எப்பவும் எடுப்பு. ஆனா தலையில ஹெல்மெட் இருக்கு, ஸ்ட்ராப் மாட்டல, தொங்குது. ஸ்ட்ராப் மாட்டாத ஹெல்மெட் விழும்போது உன் தலைக்கு முன்னாடி அதுதான் ரோட்டுக்குப் போகும், தெரியுமா தெரியாதா? போலீஸ்காரனுக்காக போடுறதா இருந்தா 1,000 ரூபா பைன் கட்டிட்டுப் போயிடலாம். "டக்"னு சத்தம் கேக்கணும், கேட்டப்புறம்தான் சாவியைத் திருப்பணும். ஐஎஸ்ஐ முத்திரை உள்ளதுதானே? பாலத்துக்கு அடியில குவிச்சு வச்சு விக்கிறதை வாங்கலையே?

கார் எங்கன்னு சித்தி கேட்டா. எனக்கு என்ன தெரியும், "சர்வீஸ் விட்டிருப்பாங்க"ன்னு சமாளிச்சேன். அப்புறம் உன்கிட்ட கேட்டா, "சின்ன காரை வித்துட்டோம் மா, வீட்டுக்கு ரெண்டு கார் எதுக்கு"ன்னு ஏதோ பழைய பேப்பர் போட்ட மாதிரி சொல்ற. வித்து எத்தனை மாசமாச்சுன்னு நான் கேக்கல பாரு, இப்பவும் கேக்கல.

ஸ்கூட்டர் வேணாம்னு நான் சொல்லவே மாட்டேன், அதை முதல்ல புரிஞ்சுக்கோ. நான் கணக்கு போட்டுப் பாத்துட்டேன். புதுசா ஒரு சின்ன கார் எடுக்க 6 லட்சம் லோன் போட்டா அஞ்சு வருஷத்துக்கு மாசா மாசம் 12,000-க்கு மேல போகுது, அது போக இன்சூரன்ஸ், சர்வீஸ், அபார்ட்மெண்ட்ல ரெண்டாவது பார்க்கிங்குக்கு தனி வாடகை. மேடவாக்கம் வீட்டுலேர்ந்து துரைப்பாக்கம் ஆபீசுக்குப் போயிட்டு வர சுமார் 20 கிலோமீட்டர்னு வச்சா ஸ்கூட்டருக்கு அரை லிட்டர் பெட்ரோல், 50 ரூபா. கார்ல அந்த சென்னை டிராபிக்ல ஒண்ணரை லிட்டருக்கு மேல குடிச்சிடும். மேடவாக்கத்துல 2022-லயே பாலம் திறந்தும் இப்ப மெட்ரோ வேலைன்னு தோண்டிப் போட்டு மறுபடி ஊர்ந்துதானே போறீங்க, அதுல ஒரு ஆளுக்கு ஒரு கார் எதுக்கு. ஸ்கூட்டர்தான் சரி. என் வண்டியோட ஹாண்டில்ல பை தொங்கவிட்டு, புடவையை வாரிச் செருகிக்கிட்டு, வலங்கைமான் ரோட்டுல வருஷக்கணக்கா ஸ்கூலுக்கு போனவ நான், என் பொண்ணு ஓஎம்ஆர்ல வண்டி ஓட்டுறான்னா எனக்கு பெருமைதான். எதிர் வீட்டு டீச்சர்கிட்ட சொல்லவும் செஞ்சேன்.

ஆனா ஒண்ணு. ஏன் ஸ்கூட்டர்னு நான் கேட்டப்ப நீ ஒரு காரணம் சொல்லியிருந்தா நம்பியிருப்பேன். பார்க்கிங் இல்லன்ன, பெட்ரோல்ன்ன, டைம் மிச்சம்ன்ன, ஆபீஸ்ல எல்லாரும் டூவீலர்தான்ன, கார் ஓட்டி முதுகு வலின்ன, கடைசியில காத்து மாசுன்ன. காத்து மாசு! நீ. அதையும் நான் கேக்காமலே அடுத்தடுத்து சொன்ன. சரி விடு.

ரோடு விஷயத்துக்கு வர்றேன். ரேடியல் ரோடு வழியா போறியா? 2019-ல பள்ளிக்கரணைகிட்ட பேனர் விழுந்து ஒரு பொண்ணு போச்சே, பின்னாடி வந்த தண்ணி லாரி ஏறி. அதுவும் ஸ்கூட்டர்தான், அதுவும் ஆபீஸ் முடிஞ்சு வீட்டுக்கு வந்த புள்ளதான். அந்த செய்தி வந்தன்னைக்கு நான் உனக்கு போன் பண்ணினது ஞாபகம் இருக்கா, "நான் கார்ல போறேன் மா, எனக்கென்ன"ன்னு சிரிச்ச. இப்ப அதே ரோட்டுல நீ ஸ்கூட்டர்ல. தண்ணி லாரிக்கு இடது பக்கமா நுழையாத, லாரியோ பஸ்ஸோ திரும்புறப்ப அந்தப் பக்கம் நிக்கிற வண்டி டிரைவர் கண்ணுக்குத் தெரியாது. பின்னாடி தள்ளியே நில்லு. ரெண்டு நிமிஷம் லேட்டானா ஆபீஸ் ஒண்ணும் ஓடிப்போயிடாது. மழை நேரத்துல மெட்ரோ வேலைக்கு ரோட்டுல இரும்புத் தகடு போட்டிருப்பாங்க, அது மேல பிரேக் பிடிக்காத, வழுக்கும். ஆக்டிவாவுக்கெல்லாம் சின்ன சக்கரம், பள்ளத்துல இறங்கினா அப்படியே மடங்கிடும், பைக்குக்காரன் போறானேன்னு நீயும் அதே ஸ்பீடுல இறங்காத.

டயர்ல காத்து வாரா வாரம் பாரு. அப்பா இதுக்குன்னே ஒரு சீட்டுல எழுதி பிரிட்ஜ் மேல ஒட்டி வச்சிருக்காங்க: முன்னாடி 22, பின்னாடி 29, பின்னாடி ஆள் உக்காந்தா 36. கேக்கக்கூடாதுன்னு என்னைச் சொன்னவங்க அவங்க மட்டும் உன் வண்டிக்கு காத்து எவ்வளவுன்னு யார்கிட்டயோ விசாரிச்சு வந்து எழுதி வச்சிருக்காங்க பாரு. 2015-ல கோர்ட்டு ஹெல்மெட் கட்டாயம்னு சொன்னப்ப முணுமுணுத்துக்கிட்டே வாங்கினவங்க, இப்ப உன் ஹெல்மெட் ஸ்ட்ராப்பை போட்டோல பெருசு பண்ணிப் பாத்தது அவங்கதான், நான் இல்ல.

மழைக்காலம் வருது. 2023 டிசம்பர் வெள்ளத்துல பள்ளிக்கரணை, மேடவாக்கம் எல்லாம் எப்படி இருந்துச்சுன்னு உனக்கே தெரியும். சைலன்சர் முங்குற தண்ணியில வண்டிய விடாத. விட்டு நின்னு போச்சுன்னா திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பண்ணாத, இன்ஜினுக்குள்ள தண்ணி போச்சுன்னா ஆயிரக்கணக்குல செலவு வைக்கும். இறங்கித் தள்ளு. அப்படி ஒரு நாள்ல மாப்பிள்ளையை கார் எடுத்துட்டு வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லு.

மாப்பிள்ளை நல்லா இருக்காரா?

போன மாசம் ஒரு செவ்வாக்கிழமை பதினோரு மணிக்கு சின்னவனுக்கு காய்ச்சல்னு நீ பேசினப்ப பின்னாடி மாப்பிள்ளை குரல் கேட்டுச்சு, லீவான்னேன், வொர்க் ஃப்ரம் ஹோம்ன்ன. நான் ரிட்டயர்டு டீச்சர்தான், ஒண்ணும் தெரியாதவ இல்ல பாப்பா. ஒரகடத்துல ஃபேக்டரிக்குள்ள லைன்ல நிக்கிற வேலைக்கு என்ன வொர்க் ஃப்ரம் ஹோம். சரி, ஏதோ ஆபீஸ் வேலைக்கு மாத்தியிருப்பாங்கன்னு நினைச்சுக்கிட்டேன். ஆனா ராத்திரி தூக்கம் வராம யோசிச்சா வேற ஒண்ணு இடிக்குது. அவர் வீட்டுல இருந்தா கார் சும்மா தானே நிக்கும், அதை எடுத்துட்டு நீ போகலாமே, ஏன் மழையில ஸ்கூட்டர்ல போற? ஒண்ணு அவர் காலையில கிளம்பி எங்கேயோ போறாரு. இல்லன்னா பெரிய காரும் இல்ல.

நோண்ட மாட்டேன்னு சொன்னேன், நோண்டிட்டேன். அப்பாகிட்ட சொல்லாத.

சின்னவனை முன்னாடி நிக்க வச்சுக்கிட்டு ஸ்கூல்ல விடுறியாமே, அவனே போன்ல சொன்னான், "பாட்டி நான்தான் ஹார்ன் அடிப்பேன்"னு. வேணாம். பிரேக் போட்டா மூஞ்சி நேரா ஹாண்டில்ல போய் மோதும். அது கூட இல்ல, வண்டி நிக்கிறப்ப நீ பேக்கை எடுக்க கையை விட்டா அவன் ஆக்சிலேட்டரைத் திருகிடுவான், வண்டி அவனோட பாய்ஞ்சிடும். நிறுத்தினா சாவியை ஆஃப் பண்ணிட்டுத்தான் எதுவும். பின்னாடி உக்கார வச்சு உன்னோட சேத்து பெல்ட் போட்டுக்கோ, கடையில விக்கிறாங்க. நாலு வயசு தாண்டினா பிள்ளைக்கும் ஹெல்மெட் கட்டாயம்னு சட்டமே இருக்கு. உன்னை நான் அப்படித்தான் முன்னாடி நிக்க வச்சு கூட்டிட்டுப் போனேன்னு சொல்லுவ. அந்த ரோட்டுல அப்ப எதிர்ல வர்றது மாட்டு வண்டியும் எப்பவாவது ஒரு பஸ்ஸும். என் வண்டியும் 50 சிசி, பெடல் மிதிச்சு ஸ்டார்ட் பண்றது, இழுத்தாலும் ஓடாது.

அந்த வண்டி எப்படி வந்துச்சுன்னு உனக்கு தெரியாது. நீ ரெண்டாங்கிளாஸ். அப்பா ஆசையா வாங்கிக் கொடுத்ததுன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன், உன்கிட்டயும். ஊருக்கு ஊரு பைனான்ஸ் கம்பெனிங்க ஷட்டரை இறக்கிட்டு ஓடின காலம் அது. அப்பா நம்ம பணத்தை மட்டும் போட்டிருந்தா பரவாயில்ல, மன்னார்குடிக்காரங்க பணத்தையும் வாங்கிப் போட்டிருந்தாங்க. அவங்க ஏன் இன்னைக்கு வரைக்கும் நம்ம வீட்டு விசேஷத்துக்கு வர்றதில்லன்னு நீ கேப்பியே. ஓடிட்டிருந்த சேத்தக் ஸ்கூட்டரை வித்துத்தான் முதல் தவணை கொடுத்தாங்க. பஸ்ஸை நம்பினா எனக்கு வேலைக்கே ஆபத்து, அதனால என் வளையலை வச்சு, யாரோ ஓட்டித் தேய்ச்ச டிவிஎஸ் 50. ஸ்கூட்டி வந்த புதுசு அப்ப, டவுன்ல சின்னச் சின்ன பொண்ணுங்கல்லாம் பட்டனை அமுக்கி ஸ்டார்ட் பண்ணிப் போவாங்க. நான் பெட்ரோல்ல ஆயில் கலந்து ஊத்திக்கிட்டு, பெடலை மிதிச்சுக்கிட்டு.

அம்மாச்சி வந்து, திடீர்னு எதுக்குடி வண்டின்னு கேட்டாங்க. நான் சொன்னேன், பஸ்ல கூட்டம், டைமுக்கு வர்றதில்ல, ஹெட்மாஸ்டர் முறைக்கிறாரு, எல்லா டீச்சரும் வண்டிதான் ஓட்டுறாங்க, பஸ் புகை எனக்கு ஒத்துக்கல, வாந்தி வருது. மூச்சு விடாம சொன்னேன். கையில வளையல் இல்லாததுக்கும் ஒரு காரணம் வச்சிருந்தேன், அவங்க கேக்கவே இல்ல. "சரி, பாத்து ஓட்டு"ன்னுட்டு அடுத்த பஸ்ல ஊருக்குப் போயிட்டாங்க.

நான் அவ்வளவு பொய் சொன்னதுக்கு, அவங்க நம்பிட்டாங்களேன்னு எனக்குத்தான் கோவம். வருஷக்கணக்கா இருந்துச்சு அந்த கோவம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை "பொய் சொல்லாதடி"ன்னு அதட்டியிருந்தா அடுப்படியிலயே உக்காந்து எல்லாத்தையும் கொட்டியிருப்பேன். அவங்க கண்ணை மூடுற வரைக்கும் கேக்கல. நிஜமாவே நம்பினாங்களா, என் மானம் போகக்கூடாதுன்னு விட்டாங்களான்னு இன்னைக்கும் தெரியல.

அதனாலதான் சொல்றேன், நான் நம்பல. போட்டோவுல உன் கழுத்துல தாலிச்செயின் மட்டும்தான் இருந்துச்சு, கிரகப்பிரவேசத்துக்கு நீ ஆரம் போடாம போகமாட்ட. லாக்கர்ல இருக்குன்னு சொல்லுவ. அதையும் நம்ப மாட்டேன்.

ஸ்கூட்டர் பிடிச்சு ஓட்டுறதா இருந்தா ஓட்டு, ராணி மாதிரி ஓட்டு, யார் என்ன கேட்டாலும் என் பொண்ணு கெட்டிக்காரி, காசை ரோட்டுல கொட்டாதவன்னு நான் சொல்லுவேன். வேற வழியில்லாம ஓட்டுறதா இருந்தா எனக்கு மட்டும் சொல்லு. சித்திக்கு போகாது, பெரியம்மாவுக்கு போகாது. மாப்பிள்ளைகிட்ட எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, வேலை போறதும் வர்றதும் யாருக்கும் நடக்கும், அதை மறைச்சு நீ ஒத்தையா சுமக்குறதுதான் எனக்குத் தாங்கல. போஸ்ட் ஆபீஸ் ஆர்டி மார்ச்ல முடியுது. அப்பாவுக்கு வேற கணக்கு சொல்லிக்குவேன், அது எனக்குப் பழக்கம்தான்.

நாயித்துக்கிழமை சாயங்காலம் அப்பா கோயிலுக்குப் போவாங்க, ஆறு மணிக்கு மேல கூப்பிடு. பக்கத்துல மாப்பிள்ளை இருந்து பேச முடியலன்னா "வண்டி சர்வீஸ் விட்டிருக்கேன்"னு மட்டும் சொல்லு, நான் புரிஞ்சுக்கறேன், மேல ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்.

துப்பட்டாவை பின்னாடி முடிச்சுப் போட்டுக்கோ, சக்கரத்துல மாட்டும். சைடு ஸ்டாண்டை எடுத்தியான்னு பாரு. ஸ்ட்ராப்.

அப்புறம், சின்னவனுக்கு ஹெல்மெட் நான் வாங்கி அனுப்புறேன், நீ வாங்காத. டேப்பை அவன் புருவத்துக்கு கொஞ்சம் மேல வச்சு தலையைச் சுத்தி அளந்து எத்தனை சென்டிமீட்டர்னு இன்னைக்கே அனுப்பு. பெருசா இருக்கட்டும், வளர்ற பையன்னு ரெண்டு சென்டிமீட்டர் சேத்துப் போட்டுடாத, லூசா இருந்தா போட்டும் பிரயோஜனம் இல்ல.

அம்மா