பெட்டியில் 0.22, பையில் 0.1

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்

பொருள்: சிரிஞ்ச் ஃபில்டர் பெட்டியில் வேறு அளவு இருந்தது குறித்து

ஐயா,

சாக்கடைத் தண்ணீரிலிருந்து, க்ளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவைக் கொல்லும் பேஜ்களை (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களை) பிடித்துச் சுத்தம் செய்வது எங்கள் ஆய்வக வேலை. அதற்காகப் போன மாதம் உங்களிடம் 0.22 மைக்ரான் துளையுள்ள ஃபில்டர் 50 கொண்ட பெட்டி ஒன்று வாங்கினோம்.

லைசேட்டை (பேஜ் பாக்டீரியாவை உடைத்தபின் கிடைக்கும் கலவையை) சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, மேலே தெளிந்ததை ஃபில்டரில் தள்ளினால் பாக்டீரியா மாட்டிக்கொள்ளும், பேஜ் இறங்கிவிடும். இந்த முறை சிரிஞ்சை அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் சிவந்துபோனது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பிளேக் (தட்டில் வளரும் பாக்டீரியாவில் பேஜ் உண்டாக்கும் வெற்றுப்புள்ளி) எண்ண மறுநாள் ஆகும் என்பதால் 250 மில்லியையும் தள்ளி முடித்து, பேஜைப் படியவைக்க உப்பும் பிஇஜியும் (பாலிஎத்திலீன் கிளைக்கால்) போட்டு 4 டிகிரியில் வைத்துவிட்டோம். காலையில் பார்த்தால், மில்லிக்கு நூறு கோடி இருந்த பேஜ் வடிகட்டியதில் பத்து லட்சம்கூடத் தேறவில்லை. தட்டு முழுக்க பாக்டீரியா பாய் விரித்தாற்போல் வளர்ந்திருந்தது.

பிறகுதான் பையை விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். பெட்டி லேபிளில் 0.22, உள்ளே ஒவ்வொரு பையிலும் பொடி எழுத்தில் 0.1. எங்கள் பேஜ், டி4 என்ற பெயர்பெற்ற பேஜின் சாயல். டி4-இன் தலையே 120 நானோமீட்டர் நீளம், 86 அகலம். 0.1 மைக்ரான், அதாவது 100 நானோமீட்டர் துளையில் அது எப்படி எளிதாக நுழையும்?

உங்கள் சேவைப் பிரிவுக்கு போன் செய்தால், "குளோரோஃபார்மில் பேஜ் செத்திருக்கும்" என்றார்கள். மிச்ச பாக்டீரியாவைக் கொல்லச் சிலர் சேர்ப்பது அது; நாங்கள் குளோரோஃபார்ம் பாட்டிலைத் திறக்கவே இல்லை. அதே லைசேட்டில் மிச்சம் வைத்திருந்ததைப் பழைய பெட்டியின் கடைசி இரண்டு ஃபில்டர்களில் தள்ளியபோது எண்ணிக்கை கிட்டத்தட்ட அப்படியே வந்தது. தட்டுகளின் படங்களை இணைத்திருக்கிறேன்.

பையைப் படிக்காதது என் தவறுதான். ஆனால் பெட்டியை நம்பாமல் பையைப் பிரித்துப் படிப்பவர் எத்தனை பேர்? எங்களுக்காவது முன்பே எண்ணிய கணக்கு கையில் இருந்தது. புதிதாகப் பேஜ் தேடுபவர் இதே லாட்டில் (ஒன்றாகத் தயாரான தொகுதியில்) வந்த ஃபில்டரில் வடிகட்டினால், "இந்தத் தண்ணீரில் பேஜ் இல்லை" என்று மாதிரியையே கொட்டிவிடுவார். தவறு நடந்ததே அவருக்குத் தெரியாது.

அதனால் பணத்தைவிட இதுதான் முதலில் வேண்டும்: இந்த லாட் போன எல்லா ஆய்வகங்களுக்கும் இந்த வாரமே தகவல் அனுப்புங்கள். எங்களுக்குச் சரியான பெட்டி மாற்றித் தாருங்கள். மீதி 38 ஃபில்டர்களைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன், ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஆய்வகப் பொறுப்பாளர்