அறிவித்தார்கள் சரி, அப்புறம் என்ன ஆனது?

சிங்கப்பூரில் தமிழில் செய்தி எழுதுபவர்களுக்கும், வாசிப்பவர்களுக்கும், எந்தச் செய்தி வர வேண்டும் என்று முடிவு செய்யும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

நான் 24 ஆண்டுகளாக டாக்சி ஓட்டுகிறேன். ஈசூனில் வீடு. விடியற்காலை நான்கரை மணிக்கு எழுந்துவிடுவேன். காரில் தமிழ் வானொலிச் செய்தி, காப்பிக்கடையில் தமிழ்ப் பத்திரிகை. எனக்கு உலகம் தெரிவது உங்கள் வழியாகத்தான். அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

அறிவியல், தொழில்நுட்பம் என்று எந்தச் செய்தி வந்தாலும் இப்போதெல்லாம் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. "அப்பா, உங்களுக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம்" என்று என் மகள் குறைபட்டுக்கொள்கிறாள். நான் படித்தவன் இல்லை, ஆனால் அறிவியலுக்கு எதிரி கிடையாது. தடுப்பூசியை முதல் ஆளாகப் போட்டுக்கொண்டேன். என் சந்தேகம் அறிவியல் மேல் இல்லை, அது என்னிடம் செய்தியாக வந்து சேரும் விதத்தின் மேல்தான்.

2016 ஆகஸ்டு மாதம் ஒன் நார்த் வட்டாரத்தில் ஓட்டுநரில்லா டாக்சி சோதனை தொடங்கியது. உலகிலேயே முதல்முறை பொதுமக்களை ஏற்றிப் போகிறார்கள் என்று எல்லா ஊடகங்களிலும் பெரிதாக வந்தது. கார்கள் சிலதான். ஓடியதும் அந்த ஒரு வட்டாரத்துக்குள்தான். முன் இருக்கையில் ஒரு பொறியாளர் எந்த நேரமும் ஸ்டியரிங்கைப் பிடிக்கத் தயாராக உட்கார்ந்திருந்தார். ஆனால் செய்தியில் ஒரு வரி இருந்தது: 2018க்குள் இந்தச் சேவை சிங்கப்பூர் முழுவதும் வரும் என்று நிறுவனம் எதிர்பார்க்கிறது. எங்கள் காப்பிக்கடை மேசையில் எல்லாரும் படித்தது அந்த ஒரு வரியைத்தான்.

என் டாக்சியை இரவில் ஓட்டிய கூட்டாளி ஒருவர் இருந்தார். அப்போது அவருக்கு 48 வயது, இரண்டு பிள்ளைகள் பள்ளியில். "இன்னும் இரண்டே வருஷம்தான், அதுக்குள்ள நாமளே இறங்கிடணும்" என்றார். நான் தடுத்தேன், கேட்கவில்லை. ஒரு கொண்டோவில் பாதுகாவலர் வேலைக்குப் போனார். பன்னிரண்டு மணி நேர வேலை, டாக்சியில் கிடைத்ததைவிடக் குறைந்த சம்பளம். இப்போதும் அங்கேதான் இருக்கிறார். எப்போதாவது பார்க்கும்போது, "அந்த டாக்சி வந்துடுச்சா?" என்று கேட்பார். எனக்குப் பதில் சொல்ல வாய் வராது.

2018ல் என்ன நடந்தது? ஓட்டுநரில்லா டாக்சி வரவில்லை. அந்த ஆண்டு மார்ச்சில், கைப்பேசிச் செயலி வழியே வாடகை கார் அனுப்பும் ஊபர் தன் தென்கிழக்காசியத் தொழிலைப் போட்டி நிறுவனமான கிராப்பிடம் விற்றுவிட்டு வெளியேறியது. செப்டம்பரில் போட்டித்தன்மை ஆணையம் இரண்டு நிறுவனங்களுக்கும் சேர்த்து 13 மில்லியன் வெள்ளி அபராதம் விதித்தது. 2014ல் இந்தத் தீவில் 28,000க்கும் மேல் டாக்சிகள் ஓடின. பத்தே ஆண்டில் அது பாதிக்கும் கீழே போய்விட்டது. எங்கள் பிழைப்பை மாற்றியது ரோபோ இல்லை. கைப்பேசிச் செயலியும், கமிஷனும், தனியார் வாடகை காரும்தான் மாற்றின. அவை எங்கள் கண் முன்னால் வந்துகொண்டிருந்தபோது, நாங்கள் வராத ரோபோவைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தோம்.

2017ல் இன்னொரு அறிவிப்பு வந்தது. 2022க்குள் பொங்கோல், தெங்கா, ஜூரோங் புத்தாக்க வட்டாரம் மூன்றிலும் ஓட்டுநரில்லாப் பேருந்துகளைச் சோதித்துப் பார்ப்பார்கள் என்றார்கள். இடையில் கொவிட் வந்தது, உண்மைதான். பொங்கோலில் இந்த வாகனங்களை ஓட்ட நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டதாக 2025 செப்டம்பரில்தான் செய்தி வந்தது. உள்ளே பாதுகாப்புக்கு ஒருவர் இருப்பார் என்றும் சொன்னார்கள். நல்ல திட்டமாகவே இருக்கலாம், நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்தச் செய்தியை நான் படித்த இடங்களில், முன்பு சொன்ன 2018 என்ற ஆண்டும் 2022 என்ற ஆண்டும் என்ன ஆயின என்று ஒரு வரிகூட இல்லை.

ஏன் தாமதம் என்று யாராவது ஒரு ஓட்டுநரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். காய்ந்த, நேரான சாலையில் கார் ஓட்டுவது சுலபம். டிசம்பர் மழை கொட்டும்போது, இரட்டை மஞ்சள் கோட்டில் சாமான் இறக்க நிற்கும் லாரியைச் சுற்றிப் போக வேண்டும். சாலை வேலை செய்பவர் கையசைப்பது நில் என்றா, வா என்றா என்று புரிய வேண்டும். இந்த வண்டிகளில் லைடார் என்று ஒரு கருவி இருக்கிறது, லேசர் ஒளியை அனுப்பி அது திரும்பி வருவதை வைத்துத் தூரத்தைக் கணக்கிடும். கனமழையில் அந்த ஒளி துளிகளில் பட்டுச் சிதறும். இதெல்லாம் பரம ரகசியம் இல்லை. நிறுவனம் தந்த அறிக்கையோடு செய்தி நின்றுவிட்டதால் எங்களுக்குத் தெரியாமல் போனது.

உடம்பு பற்றிய செய்திகளில் இது இன்னும் மோசம். 2023 ஜூலையில் அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பு புற்றுநோய் உண்டாக்கலாம் என்று செய்தி வந்தது. எங்கள் மேசையில் ஒருவருக்கு நீண்ட நாளாக நீரிழிவு. சர்க்கரை இல்லாத டின் பானம் ஒன்றுதான் அவருக்கு இருந்த ஆசை. தலைப்பைப் படித்த அன்றே அதை விட்டார். விட்டுவிட்டுப் பச்சைத் தண்ணீரா குடித்தார்? பால், சர்க்கரை எல்லாம் போட்ட தேத்தண்ணிக்குத் திரும்பிப் போனார். "புற்றுநோயைவிட இது தேவலை" என்றார். சில மாதம் கழித்து, சர்க்கரை அளவு ஏறிவிட்டது என்று மருத்துவர் கடிந்துகொண்டாராம்.

அந்தச் செய்தியின் மறுபாதி அதே நாளில்தான் வெளியானது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அஸ்பார்டேமை வைத்தது '2பி' என்ற பிரிவில். சாத்தியம் இருக்கலாம், ஆதாரம் குறைவு என்று அர்த்தம். கற்றாழை இலைச் சாறும் அதே பிரிவில்தான் இருக்கிறது. ஒரு பொருளால் தீங்கு வர வாய்ப்பு உண்டா என்று மட்டும்தான் அந்த அமைப்பு பார்க்கும். எவ்வளவு சாப்பிட்டால் தீங்கு என்று பார்ப்பது வேறொரு நிபுணர் குழு. பழைய அளவை மாற்றத் தேவையில்லை என்று அந்தக் குழு சொன்னது: உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம் வரை. 70 கிலோ எடை உள்ள ஒருவர் அந்த எல்லையைத் தாண்ட, ஒரே நாளில் 9 முதல் 14 டின்னுக்கு மேல் குடிக்க வேண்டும். என் நண்பர் குடித்தது ஒரு டின். இந்தக் கணக்கைத் தலைப்புக்கு அடுத்த வரியிலேயே போட்டிருந்தால் போதும். கடைசிப் பத்தியில் போட்டால் எங்களைப் போன்றவர்கள் அதுவரை வருவதில்லை. வேலைக்கு நடுவில், காப்பி ஆறுவதற்குள் படிக்கிறோம்.

சர்க்கரைக்குப் புது மருந்து, மூட்டுவலிக்குப் புது மருந்து என்று வரும் செய்திகளும் அப்படித்தான். பாதிக்குப் பாதி எலியில் நடந்த சோதனை. எலி என்ற சொல்லைத் தலைப்பிலேயே போட்டுவிடுங்கள். என் அம்மாவுக்கு 86 வயது. "அந்த மருந்து எப்பப்பா வரும்?" என்று மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தார். வராது என்று சொல்லவும் மனம் வரவில்லை, வரும் என்று பொய் சொல்லவும் முடியவில்லை.

இப்போது சொல்லப்போவது என்னையே உறுத்துகிற ஒன்று.

2020 கடைசியில், ஹவ்காங்கிலிருந்து மருத்துவமனைக்கு ஒரு தமிழ் மூதாட்டி என் காரில் ஏறினார். கழுத்தில் டிரேஸ் டுகெதர் கருவி, கொரோனா வந்தவர் யார் யார் அருகில் இருந்தார் என்று கண்டுபிடிக்க அரசாங்கம் கொடுத்தது. "தம்பி, இதை வச்சு வேற எதையும் பார்க்க மாட்டாங்கதானே?" என்று கேட்டார். "இல்லம்மா, கொரோனாவுக்கு மட்டும்தான். செய்தியிலேயே சொன்னாங்களே" என்றேன். முழு நம்பிக்கையோடுதான் சொன்னேன். அமைச்சர் சொன்னார், நீங்கள் எழுதினீர்கள், நான் அந்த அம்மாவிடம் சொன்னேன்.

2021 ஜனவரி 4ஆம் தேதி நாடாளுமன்றத்தில் உண்மை வெளிவந்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ் காவல்துறை அந்தத் தகவலைக் கேட்டு வாங்க முடியும், ஒரு கொலை வழக்கில் பயன்படுத்தியும் இருக்கிறது என்பது அடுத்த நாள் தெரிந்தது. அந்தச் சட்டத்தை யோசிக்கத் தவறிவிட்டதாகப் பொறுப்பு அமைச்சர் ஒப்புக்கொண்டார், அதை மதிக்கிறேன். பிப்ரவரியில் ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும்தான் என்று சட்டம் கொண்டுவந்து வரையறுத்தார்கள். ஆனால் அந்த நடைமுறைச் சட்டம் பல காலமாக எல்லாரும் படிக்கும்படி இருந்த சட்டம்தானே? ஒரு வழக்கறிஞருக்குப் போன் செய்து, "காவல்துறை கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?" என்று செய்தியாளர் யாராவது கேட்டிருக்கலாம். எனக்குத் தெரிந்து அந்தக் கேள்விக்கு விடை வந்தது நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் எழுப்பிய கேள்வியால். அந்த மூதாட்டியை நான் மறுபடி பார்க்கவில்லை. தவறாகச் சொல்லிவிட்டேன் அம்மா என்று அவரிடம் சொல்ல எனக்கு வழியில்லை.

உங்கள் சிரமம் எனக்குத் தெரியும். ஆங்கில ஊடகத்தில் இதற்கென்றே ஆள் இருப்பார்கள். தமிழில் ஒரே ஆள் விபத்தையும் எழுதி, விழாவையும் எழுதி, இதையும் எழுத வேண்டும். அறிக்கை ஆங்கிலத்தில் வரும், மொழிபெயர்க்கவே நேரம் போதாது. ஆனால் ஆங்கிலம் படிப்பவருக்கு இன்னொரு பத்திரிகை உண்டு, ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார். என் அம்மாவுக்கும், வெளிநாட்டு ஊழியர் விடுதியில் இருக்கும் புதுக்கோட்டைப் பையனுக்கும் நீங்கள் மட்டும்தான். நீங்கள் கேட்காத கேள்வியை அவர்களுக்காக வேறு யாரும் கேட்கப்போவதில்லை.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். 'இத்தனை ஆண்டுக்குள்' என்று யாராவது சொன்னால் தேதியோடு அதில் எழுதுங்கள். அந்த ஆண்டு வந்ததும் அவர்களுக்குப் போன் செய்யுங்கள். வந்தது என்றாலும், வரவில்லை என்றாலும் முதல் செய்தி வந்த அதே பக்கத்தில், அதே அளவில் போடுங்கள். அறிவித்தவருக்கு அதில் என்ன லாபம், சோதனைக்குப் பணம் கொடுத்தது யார் என்று ஒரு வரி சேருங்கள். போதும்.

அந்த நோட்டில் முதல் பக்கத்துக்கு என்னிடம் ஒன்று இருக்கிறது. 2019 அக்டோபரில் மரினா பே மேல் பறக்கும் டாக்சி ஒன்று பறந்தது. வோலோகாப்டர் என்ற ஜெர்மன் நிறுவனத்துடையது. எவ்வளவு படங்கள், எவ்வளவு காணொளிகள்! மூன்று ஆண்டுக்குள் சிங்கப்பூரில் சேவை தொடங்கும் என்று 2020 டிசம்பரில் அந்த நிறுவனம் அறிவித்தது. 2024 டிசம்பரில் ஜெர்மனியில் நொடிப்பு நிலைக்கு விண்ணப்பித்தது. முதல் செய்தி எங்கள் மேசையில் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. கடைசிச் செய்தி ஒருவருக்கும் தெரியாது.

அந்த ஆண்டுகளில் விடியற்காலை தீவு விரைவுச்சாலையில் நான் தினமும் பார்த்தது வேறு காட்சி. லாரியின் பின்தட்டில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஊழியர்கள். தூக்கத்தில் தலை ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்திருக்கும். என் காரில் ஏறுபவர் இருக்கை வார் போடாவிட்டால் நான் வண்டியை எடுப்பதில்லை, சட்டம் அப்படி. எனக்கு முன்னால் போகும் அந்த லாரியில் இருக்கையும் இல்லை, வாரும் இல்லை, அதற்கும் சட்டம் இடம் கொடுக்கிறது. 2021 ஏப்ரல் 20ஆம் தேதி அதே விரைவுச்சாலையில் ஊழியர்களை ஏற்றி வந்த லாரி, நின்றிருந்த டிப்பர் லாரியில் மோதியது. இரண்டு பேர் உயிரிழந்தார்கள். ஒருவர் பங்ளாதேஷ்காரர், 33 வயது. இன்னொருவர் இந்தியர், 28 வயது. 2023 ஜனவரியிலிருந்து மழைக்கு மறைப்பு கட்டாயம், ஓட்டுநர் கண்ணயராமல் பார்த்துக்கொள்ள ஒருவர் கூட இருக்க வேண்டும் என்று விதி வந்தது. இருக்கையும் வாரும் இன்னும் வரவில்லை. சிறு நிறுவனங்களுக்குச் செலவு தாங்காது என்கிறார்கள்.

மூன்று முனை இருக்கை வாரை வோல்வோவின் பொறியாளர் நில்ஸ் போலின் உருவாக்கியது 1959ல். எல்லாக் கார் நிறுவனங்களும் பயன்படுத்தட்டும் என்று அந்தக் காப்புரிமையைத் திறந்துவிட்டார்கள். இதுவும் தொழில்நுட்பம்தான். இதற்குச் சோதனை தேவையில்லை, முதலீட்டாளர் தேவையில்லை. நம் ஊர்ப் பையன்கள் முதுகுக்குப் பின்னால் அது எப்போது வரும் என்று தொழில்நுட்பப் பக்கத்தில் எழுதுங்கள். வருங்காலம் பற்றிய செய்தி என்றால் எனக்கு இதுதான் முதல் செய்தி.

உங்களில் யாராவது வந்து பார்க்க விரும்பினால் காலை ஐந்தரை மணிக்கு உங்கள் புளோக்குக்குக் கீழே வந்து நிற்கிறேன். மீட்டர் போட மாட்டேன். ஜூரோங்கிலிருந்து துவாஸ் வரை லாரிகளுக்குப் பின்னால் மெதுவாகப் போகலாம். புதன்கிழமை தவிர எந்த நாளும் சரி, அன்றைக்கு அம்மாவை மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும்.

அன்புடன்,
டாக்சி ஓட்டுநர் ஒருவர், ஈசூன்