'லா யும்பா'வில் டிரம்ஸ் கிடையாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் டாங்கோ கட்டுரையில், அர்ஜென்டினப் பியானோ கலைஞர் ஒஸ்வால்டோ புக்லியேசேயின் 'லா யும்பா' என்ற டாங்கோ இசைக்கு ஒதுக்கியிருந்தது ஒரே ஒரு வரி: "டிரம்ஸ் அதிர, காதலர்களைக் கிறங்கடிக்கும் துள்ளலிசை." அதைப் படித்துவிட்டு அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

1946இல் பதிவான அந்த இசைத்தட்டில் டிரம்ஸே கிடையாது. பாண்டோனியன்கள் (துருத்தியை விரித்தும் மூடியும் வாசிக்கும் பொத்தான் வாத்தியம்), வயலின்கள், பியானோ, டபுள் பாஸ் (வயலின் வகையில் ஆளுயரப் பெரிய வாத்தியம்) போன்றவைதான். புவெனஸ் அயர்ஸ் டாங்கோ குழுக்களின் அமைப்பே அது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. பிறகு அந்த அதிர்வு எங்கிருந்து வருகிறது? சினிமா ரெக்கார்டிங்குகளில் டபுள் பாஸ் வாசித்துக் குடும்பம் நடத்தியவன் நான். அடி விழுவதற்குச் சற்று முன்பே வில்லைக் கம்பியில் அழுத்தி, இழுத்துக்கொண்டே வந்து அடியில் இறக்க வேண்டும். பாண்டோனியன்காரர்களும் அதே கணத்தில் துருத்தியை வெடுக்கென்று விரிக்கிறார்கள். நான்கு அடித் தாளத்தில் ஒன்றிலும் மூன்றிலும் இந்த இடி. இரண்டிலும் நான்கிலும் புக்லியேசேயின் இடது கை பியானோவின் மந்தரக் கட்டைகளில் மங்கலாக விழுகிறது. நண்பர்களோடு சேர்ந்து இதை வாசித்துப் பார்த்திருக்கிறேன். ஸ்வரமெல்லாம் வந்தது, அந்தக் கனம் வரவில்லை.

இதுவா துள்ளல்? தோளில் மூட்டையேற்றியவன் அடியெடுத்து வைக்கும் நடை ஐயா இது. நடுவில் அந்த நடை விலகிப்போய் வயலின் தனியே பாடும், காலப்பிரமாணமே இளகிவிடும். மறுபடி மொத்தக் குழுவும் அடிக்குத் திரும்பும்போது நெஞ்சை அடைக்கும்.

காதல் கிறக்கம் என்று எழுதும் முன், கம்யூனிஸ்டாக இருந்ததற்காகச் சிறைக்குப் போன மனிதரின் இசை இது என்பதை நினைத்திருக்க வேண்டாமா? அவர் வர முடியாத நாள்களில் குழுவினர் பியானோவின் மேல் சிவப்புக் கார்னேஷன் பூவை வைத்துவிட்டு வாசித்தார்கள். வருமானத்தைக் கூட்டுறவு முறையில் பங்கிட்டுக்கொண்ட குழு அது.

தங்கள் இதழில் இது முதல் தடவையும் அல்ல. முன்பொரு முறை பாண்டோனியன் என்று போட்டு, பியானோக் கட்டைகள் வைத்த அக்கார்டியனின் படத்தை அச்சிட்டீர்கள். பாண்டோனியனில் இரு பக்கமும் பொத்தான்கள்தாம். அப்போதும் எழுதினேன், பதில் இல்லை. டாங்கோவுக்குப் புது வடிவம் தந்த பியாசோலா பற்றிய கட்டுரையில் அவருக்கு முன்னால் டாங்கோவே இல்லாதது போல எழுதினீர்கள். அந்தப் பியாசோலாதான் 1989இல் ஆம்ஸ்டர்டாமில் புக்லியேசேயுடன் ஒரே மேடையில் 'லா யும்பா' வாசித்தார். இசைப் பக்கங்களைக் குறைத்துக்கொண்டே வந்தீர்கள், அதற்கும் சந்தாவை நான் நிறுத்தவில்லை. இந்த இதழை நம்பி இசை கேட்கப் பழகியவர்கள் நாங்கள். எங்களுக்கு இந்த அலட்சியம் வலிக்கிறது.

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். 'லா யும்பா'வில் டிரம்ஸ் இல்லை என்று ஒரு வரி, அதை இயற்றி, பியானோவில் அமர்ந்து குழுவை நடத்தியவர் புக்லியேசேயே என்று ஒரு வரி. பக்கத்தின் மூலையில் வந்தாலும் போதும்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
கோடம்பாக்கம்