ஒரு அவில் மாத்திரைக்கு ஏன் இத்தனை கேள்வி?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மார்கழி பிறந்துவிட்டது. காலைப் பனி ஒருபக்கம், போகிக்கு முன் ஒட்டடை அடித்துப் பரணைச் சுத்தம் செய்கிற வேலை ஒருபக்கம் என்று வீட்டுக்கு வீடு தும்மல் சத்தம் கேட்கிற மாதம். கோழிப்பண்ணையில் தீவனத் தூசியிலும் இறகுத் தூசியிலும் நிற்பவர்களுக்கு வருடம் முழுவதுமே இந்தத் தொல்லை உண்டு. நம் கடையில் இப்போது அதிகம் கேட்கப்படுவது தும்மலுக்கும் அரிப்புக்கும் போடும் அலர்ஜி மாத்திரைகளான அவில், செட்ரிசின், அப்புறம் சளி மாத்திரை. கேட்டவுடன் எடுத்துக் கொடுக்காமல் நாங்கள் விசாரிப்பதில் சிலருக்கு வருத்தம் இருக்கிறது. "ஏனுங்க, ஒரு அவில் மாத்திரைக்கு இத்தனை கேள்வியா?" என்று போன வாரம் ஒரு அண்ணன் கேட்டார். பின்னால் ஆட்கள் நின்றதால் அவருக்கு முழுதாகப் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதியிருக்கிறோம்.

முதல் காரணம் எங்கள் வீட்டில் நடந்தது. இந்தக் கடையைத் தொடங்கிய எங்கள் அப்பாவுக்கு அப்போது 68 வயது. புராஸ்டேட் வீக்கம் இருந்தது, அது அவருக்கும் தெரியும். ஒரு பனிக்காலத்தில் மூக்கு ஒழுகுகிறது என்று நம் கடை அலமாரியிலிருந்தே சளி மாத்திரை ஒரு அட்டை எடுத்து வேளைக்கு ஒன்றாகப் போட்டார். இரண்டாம் நாள் இரவு சிறுநீர் சுத்தமாக நின்றுவிட்டது. அடிவயிறு கல்லாக இறுகி, வலியில் அவர் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவித்தார். மருத்துவமனையில் குழாய் வைத்துத்தான் எடுத்தார்கள். அங்கிருந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "சளிக்கு ஏதாவது மாத்திரை போட்டீங்களா?" என்பதுதான். முப்பது வருடம் மருந்து விற்றவர் அப்பா. அவருக்கும் தோன்றவில்லை, பக்கத்திலேயே இருந்த எங்களுக்கும் தோன்றவில்லை. அன்றிலிருந்து வயதானவர்கள் சளி மாத்திரை கேட்டால், "ஒண்ணுக்குப் போறதுல சிரமம் இருக்குங்களா?" என்று கூச்சப்படாமல் கேட்கிறோம். நீங்களும் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

அவில், செட்ரிசின் மாதிரியான அலர்ஜி மருந்துதான் சளி மாத்திரையிலும் சேர்ந்திருக்கிறது. அது உடம்பில் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். தூசியோ, பூச்சிக்கடியோ, ஒத்துக்கொள்ளாத உணவோ உடம்புக்குள் போகும்போது, நம் காவல் செல்கள் சில ஹிஸ்டமைன் என்ற பொருளைக் கொட்டுகின்றன. தும்மல், மூக்கில் நீர், கண் அரிப்பு, காணாக்கடி என்று நாம் சொல்கிற தோல் தடிப்பு எல்லாம் பெரும்பாலும் அதன் வேலை. ஹிஸ்டமைன் போய் ஒட்டிக்கொள்ளும் இடத்தை மாத்திரை முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் தூசி வேலைக்குப் போகும் முன்பே போட்டால் நன்றாகக் கேட்கிறது. மூக்கடைப்புக்கு இதனால் பெரிய பலன் கிடையாது. வைரஸால் வரும் சாதாரண சளியையும் இது குணப்படுத்தாது.

இந்த மருந்துகளில் பழைய தலைமுறை, புதிய தலைமுறை என்று இரண்டு வகை உண்டு. அவிலில் இருக்கும் பெனிரமின், சளி மாத்திரைகளில் இருக்கும் குளோர்பெனிரமின், புரோமெத்தசின், ஹைட்ராக்சிசின், சைப்ரோஹெப்டடின் இவையெல்லாம் பழையவை. இவை மூளைக்குள் எளிதாகப் போய்விடும். மூளையில் ஹிஸ்டமைனுக்கு நம்மை விழிப்பாக வைத்திருக்கும் வேலை இருக்கிறது. அதைத் தடுத்தால் தூக்கம் வரத்தானே செய்யும்? அதோடு நிற்பதில்லை. எச்சில் ஊறவும், குடல் நகரவும், சிறுநீர்ப்பை சுருங்கவும் உதவுகிற அசிட்டைல்கோலின் என்ற இன்னொரு பொருளையும் இவை மறிக்கின்றன. வாய் வறட்சி, மலச்சிக்கல், பார்வை மங்கல், சிறுநீர் அடைப்பு எல்லாம் அப்படி வருபவைதான். அப்பாவுக்கு நடந்ததும் இதுவே. அவர் போட்ட சளி மாத்திரையில் மூக்கடைப்புக்காகச் சேர்த்திருந்த பினைலெப்ரினும் சிறுநீர்ப்பையின் வாயை இறுக்கக்கூடியது. கண்ணில் நீர் அழுத்தம் உள்ள சிலருக்குப் பழைய வகை மருந்து திடீரென்று அழுத்தத்தைக் கூட்டிவிடும். வயதானவர்களுக்குக் குழப்பம், தள்ளாட்டம், இரவில் எழுந்து போகும்போது விழுவது என்று வரிசையாக வரும். 65 வயதைத் தாண்டியவர்களுக்குப் பழைய வகையை நாங்களாக எடுத்துக் கொடுப்பதில்லை.

நாமக்கல்லில் இருந்துகொண்டு ஓட்டுநர்களைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. லாரி எடுக்கும் அண்ணன்மார்கள், சபரிமலைக்கு வேன் ஓட்டுகிறவர்கள் இரவு ஒன்பது மணிக்கு வந்து, "சளி மாத்திரை ஒண்ணு குடுங்க, வண்டி எடுக்கணும்" என்பார்கள். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். கார் ஓட்டுவதுபோல அமைந்த சிமுலேட்டரில் 40 பேரை, வெவ்வேறு நாளில் வெவ்வேறு மருந்து கொடுத்து ஓட்ட வைத்தார்கள். பழைய வகையான டைபென்ஹைட்ரமின் 50 மி.கி. போட்ட நாளில் அவர்கள் வண்டி ஓட்டிய விதம், மது குடித்துவிட்டு ஓட்டிய நாளைவிட மோசமாக இருந்தது. புதிய வகையான பெக்சோபெனடின் போட்ட நாளில், மருந்தே இல்லாத வெறும் மாத்திரை போட்டதற்கும் அதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. எங்களை உலுக்கியது அந்த ஆய்வு சொன்ன இன்னொரு விஷயம்: ஒருவர் தனக்கு எவ்வளவு தூக்கமாக இருக்கிறது என்று சொன்னதை வைத்து, அவர் எவ்வளவு மோசமாக ஓட்டுவார் என்று கணிக்க முடியவில்லை. "எனக்கெல்லாம் அவில் போட்டாத் தூக்கம் வராதுங்க" என்று சொல்கிற அண்ணனைப் பார்த்தால்தான் எங்களுக்கு அதிகம் பயமாக இருக்கிறது. குளோர்பெனிரமின் உடம்பை விட்டு மெதுவாகத்தான் வெளியேறும். இரவு போட்டதன் மந்தம் மறுநாள் காலை வண்டி எடுக்கும்போதும் இருக்கலாம். எனவே ஓட்டுநர் என்று சொல்லிக் கேளுங்கள். தூக்கம் மிகக் குறைவாகத் தருவது எது என்று டாக்டரிடமோ எங்கள் பார்மசிஸ்டிடமோ பேசி வாங்கிக்கொள்ளலாம். செட்ரிசின் புதிய வகைதான், ஆனாலும் அந்த வகையில் அதுதான் கொஞ்சம் தூக்கம் தரும். மதுவோடு எந்த வகையும் வேண்டாம்.

கொல்லிமலைக்கு ஏறுகிறவர்கள் 70 கொண்டை ஊசி வளைவுகளை நினைத்து, பயண வாந்திக்கான ஏவோமின் மாத்திரை வாங்குகிறார்கள். அதில் இருப்பதும் பழைய வகையான புரோமெத்தசின்தான். புறப்படும் முன்பே போட வேண்டும். வாந்தி வந்தபிறகு போட்டால் பலன் குறைவு. பின்சீட்டில் உட்காருகிறவர் போடலாம், ஓட்டுகிறவர் போடக்கூடாது. இதற்குப் பதிலாக செட்ரிசின் போட்டால் வாந்தி நிற்காது.

குழந்தைகள் விஷயத்தில் எங்களிடம் விட்டுக்கொடுப்பு இல்லை. குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கொடுக்கக்கூடாது என்று 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலகமே சொல்லிவிட்டது. வீட்டில் அண்ணனுக்கு வாங்கிய பாட்டில் மிச்சம் இருக்கிறதே என்று தங்கச்சிப் பாப்பாவுக்கு ஊற்றிவிடாதீர்கள். 2 வயதுக்குக் கீழே புரோமெத்தசின் மூச்சையே அடக்கிவிடக்கூடும். "ராத்திரி தூங்கவே மாட்டேங்குது, தூக்கத்துக்கு அந்த சிரப் குடுங்க" என்று கேட்கும் அம்மாக்களின் களைப்பு எங்களுக்குப் புரிகிறது. ஆனாலும் கொடுக்க மாட்டோம். சில குழந்தைகள் அதைக் குடித்தபின் தூங்காமல் இன்னும் அதிகமாகத் துள்ளும் என்பதும் உண்மை. பிள்ளை பூசினாற்போல் ஆக வேண்டும் என்று வாங்கும் பசி சிரப்பிலும் பெரும்பாலும் சைப்ரோஹெப்டடின்தான் இருக்கிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் அதையும் கேட்க வேண்டாம்.

அப்புறம் "அலர்ஜி செட்". ஒரு அரிப்பு மாத்திரையோடு சின்னதாக இன்னொரு மாத்திரையைச் சேர்த்து, பெயர் தெரியாமல் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்களே, அதுதான். இரண்டாவது மாத்திரை பல நேரம் ஸ்டீராய்டு. உடனே கேட்கும், அதனால் மறுபடி அதையே தேடி வருவோம். சர்க்கரை ஏறும், ரத்த அழுத்தம் ஏறும், எலும்பு தேயும், நெடுநாள் போட்டவர்கள் சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம். நம் கடையில் செட் கிடையாது. எங்கிருந்தாவது நெடுநாளாக அப்படிப் போட்டு வருகிறவர்கள் தாமாக நிறுத்தாமல் டாக்டரைப் பாருங்கள்.

சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு செட்ரிசின், லெவோசெட்ரிசின் அளவைக் குறைக்க வேண்டும், சிலருக்கு அறவே கூடாது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் இருந்தால் கொண்டுவாருங்கள். பெக்சோபெனடினைத் தண்ணீரில்தான் விழுங்க வேண்டும். ஆரஞ்சு, ஆப்பிள் ஜூஸோடு போட்டால் உடம்பில் சேருவது குறைந்துவிடும். லெவோசெட்ரிசினோடு, அலர்ஜிக்கும் ஆஸ்துமாவுக்கும் தரும் மான்டெலுகாஸ்ட் என்ற மருந்து சேர்ந்த மாத்திரை பலருக்கும் எழுதப்படுகிறது. அதைப் போடத் தொடங்கியபின் கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு வந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், குழந்தைகளாக இருந்தால் இன்னும் கவனம். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் கேட்காமல் எதையும் போட வேண்டாம்.

செட்ரிசினை மாதக்கணக்கில் தினமும் போட்டு, ஒரு நாள் நிறுத்தியதும் உடம்பெல்லாம் கடுமையாக அரிக்கிறது என்று வருகிறவர்கள் உண்டு. பழைய அலர்ஜிதான் திரும்பிவிட்டது என்று நினைத்து மறுபடி போடுவார்கள். நிறுத்தியதாலேயே அப்படி அரிக்கலாம் என்று 2025-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்தது. அபூர்வமாக வருவதுதான், ஆனால் வந்தவர்களுக்கு அது பெரும் வேதனை. நெடுநாள் போட்டவர்கள் எப்படி நிறுத்துவது என்று டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள். அலர்ஜி டெஸ்ட் எடுக்கப் போகிறவர்கள் எத்தனை நாள் முன்னால் நிறுத்த வேண்டும் என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரை உடம்பில் இருந்தால் தோல் சோதனை சரியாகக் காட்டாது.

இது ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். குளவி கொட்டியோ, ஏதாவது சாப்பிட்டோ, ஊசி போட்டோ உதடும் நாக்கும் வீங்கி, மூச்சு இழுத்து, தலை சுற்றினால் அவில் தேடி எங்கள் கடைக்கு ஓடி வராதீர்கள். அந்த நேரத்தில் உயிரைக் காப்பது அட்ரினலின் ஊசி. 108-ஐ அழையுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

பொங்கல் வரை ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். வீட்டில் டப்பாவில் கிடக்கும் சளி, அரிப்பு மாத்திரை அட்டைகளையும் சிரப் பாட்டில்களையும், வழக்கமாகப் போடும் மற்ற மாத்திரைகளின் சீட்டையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். மதியம் 2 மணியிலிருந்து 4 மணி வரை கூட்டம் குறைவாக இருக்கும். எங்கள் பார்மசிஸ்ட் உங்களோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒரே மருந்து இரண்டு பெயரில் இருந்தால் காட்டுவார், காலாவதியானதைப் பிரித்துத் தருவார். இதற்குக் கட்டணம் இல்லை.

அன்புடன்,
உங்கள் மருந்துக்கடைக் குடும்பத்தினர்,
நாமக்கல்